பொலிசுக்கு ஒரு பதில், எம்பசிக்கு ஒரு பதில்

ஹமீமா உம்மா வீட்டு மேல்மாடி,
கடற்கரைப் பக்க ஒழுங்கை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.
14.09.1999, செவ்வாய்க்கிழமை.

அன்பு மைத்துனர் நவரத்தினம் அறிவது,

இங்கு நானும் உமது அக்கா சரோஜினிதேவியும் மகள் கௌரியும் இந்தக் கடிதம் எழுதும் நேரம்வரை சுகமாக இருக்கிறோம். நேரத்தைக் குறித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் காலையில் எழுதிய சுகம் மாலைவரை செல்லுபடியாகும் என்று ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் பொறுப்பேற்க முடியாது. லண்டனில் உமக்கும் உமது மனைவி பிள்ளைகளுக்கும் குளிரால் ஒரு குறையும் வராதிருக்க, பம்பலப்பிட்டிக் கோயிலில் உமது அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் நெய்விளக்கு ஏற்றி வருகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கௌரிக்காக நீர் வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். கல்லூரிக்கும் ரெலிபோன் எடுத்து, பிள்ளை வரமாட்டாள், அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடும். நேற்றுத் திங்கட்கிழமை எம்பசியில் நேர்முகம் நடந்தது. முடிவை வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். எனக்கு முடிவு நேற்றே தெரிந்துவிட்டது. இது எப்படி நடந்தது என்று நீர் என் வாயாலேயே அறிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உமது அக்கா தன்னுடைய கடிதத்தில் எல்லாப் பழியையும் என் தலையில் கட்டி எழுதுவார். அதில் முக்கால் பங்கு நியாயம் இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கப்பலேறி, திருகோணமலையில் இறங்கி, ஒவ்வொரு தடைமுகாமிலும் பெட்டியைத் திறந்து மூடி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது, கௌரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்ற ஒரே நோக்கத்தோடுதான் என்பது உமக்குத் தெரியும். உமக்குத் தெரியாதது, வெள்ளவத்தையில் முட்டை வாங்கப் போகிறவன்கூட விசாவைப் பற்றி ஒரு விளக்கம் கேட்காமல் வீடு திரும்ப முடியாது என்பது. முட்டைக் கடைக்காரர் கனடாவுக்குத் தாதிமார் தேவை என்றார். தலைமயிர் வெட்டுகிறவர், அவுஸ்திரேலியாவில் படித்துக்கொண்டே வேலையும் செய்யலாம் என்று என் காதுக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னபடியால் நான் மறுத்துப் பேசவில்லை. கோயில் ஐயர், நேர்முகமே இல்லாத விசா ஒன்று உண்டு, அதற்குப் பெயர் கலியாணம் என்று சொல்லி, நோர்வே மாப்பிள்ளை ஒருவரின் சாதகத்தை விபூதித் தட்டுக்கு அடியிலிருந்து எடுத்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்ட், கௌரி மூன்று நாளைக்கு மட்டும் நாற்பது வயதுப் பெண்ணாக, இரண்டு பிள்ளைகளின் தாயாக, பிரான்சில் இருக்கும் ஒருவரின் மனைவியாக இருந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இருபது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு அந்தாள் இதைச் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் அவர் தந்த தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. என் மகள் போனால் தன் பெயரில், தன் வயதில், தன் முகத்தோடு போவாள் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். கௌரி பஸ்ஸுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அப்படித்தான் மாணவர் விசா என்று முடிவாயிற்று. கல்லூரியில் கணக்கியல் படிக்கலாம், வாரத்தில் சில மணித்தியாலம் வேலை செய்யலாம், சோதனை பாஸ்பண்ணியதும் ஒரு கொம்பனியைப் பிடித்து வேலை அனுமதி எடுக்கலாம், அதற்குப் பிறகு அங்கேயே நிரந்தரமாக இருக்க வழி பார்க்கலாம். இந்தப் படிகளையெல்லாம் நான் பென்சிலால் ஒரு தாளில் கோடு போட்டுக் கௌரிக்கு விளங்கப்படுத்தினேன். திரும்பி வருவதற்கென்று அதில் ஒரு கோடும் இல்லை. "பிள்ளை, போனால் போனதுதான். இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதை" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். உமது அக்கா, "பெத்த தகப்பன் சொல்லுற கதையே இது" என்று கண்ணைக் கசக்கி, இரண்டு நாள் எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி தந்தார். நான் அழுகிற ஆள் இல்லை. இந்த நாட்டில் இளம்பிள்ளைகள் அடையாள அட்டையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடாத குறையாக வாழ்வதைப் பார்த்துக்கொண்டு, என்னோடு இரு என்று எந்தத் தகப்பன் கேட்பான்? நீரும் ஒருகாலத்தில் மாணவராகத்தானே போனீர். மூன்று வருடத்தில் படித்து முடித்துத் திரும்பிவிடுவேன் என்று உமது தாயாரான எங்கள் மாமியின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினீர். மாமியும் அதை நம்பி, உமது சைக்கிளை ஒருவருக்கும் கொடுக்காமல் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீர் செய்ததுதான் சரி. கௌரியும் அப்படியே செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது.

ஆனால் எம்பசியில் இதைச் சொல்லக்கூடாதாம். இதை எங்களுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஸ்ரீஸ்கந்தராசா. இவர் எங்கள் பக்கத்து அறையில் இருக்கும் பிரமச்சாரி. கொழும்பில் உள்ள எம்பசிகளில் இவருக்கு விசா மறுக்காத எம்பசி ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் இவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இவ்வளவு தரம் மறுக்கப்பட்ட காரணத்தால் மறுப்பைப் பற்றி இவருக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. மேல்மாடி விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, காற்சட்டையை இடுப்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, வெள்ளைக்கார அதிகாரி போல இருந்துகொண்டு இவர் தினமும் பின்னேரம் கௌரிக்கு வகுப்பு நடத்தினார்.

"அண்ணை, அவனுக்கு ஒரே பயம்தான். போறவள் அங்கையே நிண்டிடுவாள் எண்டு பயம். அந்தப் பயத்தை எடுத்துப்போட்டால் விசா கையிலை" என்றார்.

பயத்தை எடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பதில் தயாராயிற்று. எனக்கு என் நாட்டோடு பலமான பிணைப்புகள் உண்டு, எனக்கு அங்கே வீடும் காணியும் உண்டு, படிப்பு முடிந்ததும் என் தாய்நாட்டுக்குச் சேவை செய்ய உடனடியாகத் திரும்பி வருவேன் என்பது அந்தப் பதிலின் சாரம். வீடு என்று சொன்னது எங்கள் வீட்டைத்தான். வீடு இருக்கிறது. அதற்குள் ஆமிக்காரர் இருக்கிறார்கள். பத்து வருடமாக நாங்களே அதன் கூரையைக் காணவில்லை. "வீடு இருக்கெண்டு சொல்லுங்கோ, வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு அவன் கேட்டால் மட்டும் யோசிப்பம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. வீட்டுக்கார ஹமீமா உம்மா கீழே தேங்காய் துருவிக்கொண்டு இதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவருக்கும் தாய்நாட்டுச் சேவை பாடமாகிவிட்டது. கௌரி ஒரு சொல் தடக்கினால் கீழேயிருந்து அவர் எடுத்துக் கொடுப்பார்.

இதற்குள் இன்னொரு வில்லங்கம். வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கிற நாங்கள் பொலிசில் பதிய வேண்டும். அங்கேயும் கேள்வி உண்டு. ஏன் கொழும்புக்கு வந்தாய், எவ்வளவு நாள் நிற்பாய், எப்போது போவாய். இதற்கு என்ன பதில் சொன்னால் பதிவுத் துண்டு தருவார்கள் என்று வெள்ளவத்தையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். நான் இங்கே தங்க வரவில்லை, வெளிநாட்டுக்குப் போக வந்தேன், விசா கிடைத்த மறுநாளே போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன். இதுதான் பதில். பொலிசுக்கும் ஒரே பயம்தான், வந்தவன் இங்கேயே நின்றுவிடுவான் என்று. ஆகக் காலையில் பொலிசுக்கு நாங்கள் போய்விடுவோம், திரும்ப மாட்டோம் என்றும், பின்னேரம் எம்பசிக்கு நாங்கள் போனாலும் திரும்பிவிடுவோம் என்றும் ஒரே வாயால் சொல்லிப் பழகினோம். ஒன்று சிங்களத்தில், மற்றது ஆங்கிலத்தில். உமது அக்கா இரண்டையும் கலந்து கோயிலில் சொல்லி வேண்டியதாகச் சந்தேகம். நவரத்தினம், எனக்கு இதில் மனம் நொந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அரச சேவையில் இருந்து தலைநரைத்தவன் நான். எந்தக் கந்தோருக்குப் போனாலும் எங்களிடம் கேட்கிற கேள்வி, எப்போது போவாய் என்பதுதான். வந்தனீங்கள், இருங்கோ என்று சொல்லுகிற கந்தோர் ஒன்றையும் நான் காணவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கௌரிக்குத் தலையிடி. வகுப்பு வீணாகக்கூடாது என்று அவளுடைய இடத்தில் நான் இருந்து பதில் சொன்னேன். ஸ்ரீஸ்கந்தராசா என் ஆங்கிலத்தைக் கேட்டு, "அண்ணை, நீங்கள் போயிருந்தால் எப்பவோ விசா தந்திருப்பான்" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் தலை வீங்கியிருக்கலாம், மறுக்கவில்லை. படுக்கும்வரை அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை நாங்கள் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்க ஒழுங்கையை இரண்டு முனையிலும் பொலிசார் சுற்றிவளைத்துவிட்டார்கள். வீடு வீடாக ஏறிப் பார்த்தார்கள். நான் கை கழுவ எழுந்த நேரம், மூக்குக்கண்ணாடி கட்டிலில் கிடந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஆள் தெரியாது, நிறம்தான் தெரியும். வாசலில் ஒரு காக்கி நிறம் வந்து நின்று, "கவத்த யன்னே?" என்றது. எப்போது போகிறாய் என்று கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. மண்டைக்கு விளங்கிய கேள்விக்கு வாய் வேறு பதிலைச் சொன்னது. நான் நிமிர்ந்து நின்று, கணீரென்ற ஆங்கிலத்தில், எனக்கு இந்த நாட்டோடு மிகப் பலமான பிணைப்புகள் உண்டு, நான் ஒருபோதும் போகமாட்டேன், போனாலும் உடனே திரும்பி வருவேன் என்று கடகடவென்று சொல்லி முடித்தேன். காக்கி நிறம் பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டது. பிறகு பக்கத்தில் இன்னொரு காக்கி நிறம் வந்தது.

இரண்டாவதாக வந்த சார்ஜன்டுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், அதுதான் பிழையாய்ப் போயிற்று. பலமான பிணைப்பு என்றால் யாரோடு என்று கேட்டார். நான் தாய்நாட்டோடு என்றேன். எந்தத் தாய்நாட்டோடு என்று கேட்டார். அந்தக் கேள்வி ஸ்ரீஸ்கந்தராசாவின் வகுப்பில் வரவில்லை. நான் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவையும் ஏற்றினார்கள், அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அது சார்ஜன்டுக்குச் சந்தேகமாய்ப் போயிற்று.

பொலிசில் ஒரு மர வாங்கில் இருந்தோம். உமது அக்கா வீட்டில் சாமிப்படத்துக்கு முன் விழுந்து கிடந்தாராம். கௌரி மட்டும் ஜீப்புக்குப் பின்னால் நடந்தே வந்து, வாசலுக்கு வெளியே, மதிய வெயிலில், என் கண்ணாடிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே போகிற வருகிற ஒவ்வொரு பொலிஸ்காரரிடமும், "அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாட்டில் தெரியாது, இதை மட்டும் குடுங்கோ" என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டிருக்கிறாள். நான் உள்ளே இருந்து பார்த்தபோது வாசலில் ஒரு நீல நிறம் தெரிந்தது. அது அவளுடைய சட்டை என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு இளம் பொலிஸ்காரர் கடைசியில் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்த பிறகுதான் அது என் பிள்ளை என்று கண்டேன்.

எங்களை மீட்டவர் ஹமீமா உம்மா. குடையோடு உள்ளே வந்து, பொறுப்பதிகாரியைச் சிங்களத்தில் மகனே என்று கூப்பிட்டு, இவர்கள் தன் வீட்டு ஆட்கள், கிழவருக்கு விசாவால் புத்தி தடுமாறிவிட்டது, மகள் லண்டனுக்குப் போகிறாள், அவள் போனதும் இவர்களும் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள், ஒருவரும் இங்கே நிற்கமாட்டார்கள், அதற்குத் தான் பொறுப்பு என்று சொல்லி எங்களை வெளியே எடுத்தார். தெருவுக்கு வந்ததும் என்னிடம் திரும்பினார்.

"மாஸ்டர், சிங்களத்துல கேட்டா சிங்களத்துல பதில் செல்ல ஒங்களுக்கு ஏலாதா? இங்கிலீஷ்ல தாய்நாட்டப் பத்திப் பேச இது என்ன இஸ்கூல் கூட்டமா?"

கௌரி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, "விடுங்கோ உம்மா, அப்பா பாவம்" என்றாள். என்னை யாராவது பாவம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது என்பது உமக்குத் தெரியும். அன்றைக்கு ஹமீமா உம்மாவின் குடைக்குப் பின்னால் நடந்தேன்.

இனி திங்கட்கிழமை. காலையில் கொள்ளுப்பிட்டிக்குப் பஸ் எடுத்தோம். நான் செய்த பிழையை அவள் செய்துவிடக்கூடாது என்ற பயத்தில் வழிமுழுவதும், "பிள்ளை, இது பொலிஸ் இல்லை, எம்பசி. பொலிசுக்குச் சொல்லுறதை இஞ்சை சொல்லிப்போடாதை" என்று அவளுடைய காதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். கௌரி அட்டையைக் காட்டி, பொலிஸ் பதிலைச் சொல்லி ஏறினாள். இன்னும் கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் மறித்தார்கள், திரும்பவும் சொன்னாள். எம்பசி வாசலுக்குக் கிட்ட ஒரு சென்றிக் காவலரண், அங்கேயும் சொன்னாள். அவள் உள்ளே போனதும் நான் எதிர்ப்பக்கத்தில் ஒரு மரநிழலில் நின்றேன். ஆமிப் பெடியன் ஒருவன் வந்து இங்கே ஏன் நிற்கிறாய் என்று கேட்டான். மகளுக்காக என்று சிங்களத்தில் சொன்னேன். இந்த முறை வாய் பிழைக்கவில்லை.

நீண்ட நேரம் கழித்து வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவசரமாகத் தெருவைக் கடந்தேன்.

"என்ன பிள்ளை கேட்டவன்?"

"ஒண்டும் கேக்க முதல் நான் சொல்லிப்போட்டன் அப்பா."

நடந்தது இதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி இருந்தாராம், பக்கத்தில் மொழிபெயர்க்கிற அம்மா ஒருவர். பாஸ்போட்டைத் தரும்படி அதிகாரி கையை மட்டும் நீட்டினாராம். அன்று காலையிலிருந்து அவளுக்கு முன்னால் நீண்ட ஒவ்வொரு கையும் கேட்டது ஒன்றைத்தான். இந்தக் கையைக் கண்டதும் பிள்ளை தன்னை அறியாமல் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்து நீட்டி, பெயர், ஊர், ஹமீமா உம்மா வீட்டு விலாசம் எல்லாம் சிங்களத்தில் ஒப்புவித்து, "பிட்ட ரட யனவா மாத்தயா, ஆயெ என்னே நே" என்று முடித்திருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போகிறேன் ஐயா, இனித் திரும்பி வரமாட்டேன். மொழிபெயர்க்கிற அம்மா தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. போகிறாளாம், திரும்பி வரமாட்டாளாம் என்று சுத்தமான ஆங்கிலத்தில் அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். அதிகாரி பேனையைக் கீழே வைத்தாராம்.

நான் தெருவோர மதகில் குந்திவிட்டேன். இவ்வளவு நாள் வகுப்பு, இவ்வளவு தாய்நாட்டுச் சேவை, எல்லாம் ஒரு கை நீட்டலில் போய்விட்டது. பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "பிறகும் கதைச்சவர்" என்றாள். என்ன கதைத்தார் என்று கேட்டேன். "அதை விடுங்கோ அப்பா" என்று சொல்லி, பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைக் கோபிக்கவில்லை. அவள் செய்தது என் பிழையேதான், நான் முதல் நாள் செய்ததைத் திருப்பிப் போட்டுச் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். உமது அக்கா சொல்கிறார், நான் காதுக்குள் பொலிஸ் பொலிஸ் என்று சொன்னபடியால்தான் பிள்ளையின் வாயில் பொலிஸ் வந்தது என்று. ஸ்ரீஸ்கந்தராசா சொல்கிறார், தன் அனுபவத்தில் பேனையைக் கீழே வைத்த பிறகு விசா தந்த அதிகாரி இல்லை என்று. இந்த ஒரு விஷயத்தில் அவருடைய சொல்லை நம்பாமல் இருக்க முடியாது.

ஆகவே நவரத்தினம், அறையையும் கல்லூரியையும் விட்டுவிடும். நீர் பட்ட சிரமத்துக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இங்கேயே கணக்கியல் படிக்கலாம் என்று கௌரி சொல்கிறாள். படிக்கலாம், ஆனால் நாளைக்கு அவளை ஜீப்பில் ஏற்றினால் கண்ணாடிக்கூட்டோடு வாசலில் நின்று வெளியே எடுக்க எனக்குச் சிங்களமும் வராது, ஆங்கிலமும் இடம் பார்த்து வராது. அதுதான் என் பயம். நான் பெரிதாக வேறு ஒன்றும் கேட்கவில்லை, அவளுடைய கையில் அடையாள அட்டை இல்லாமல் அவள் ஒரு தெருவில் நடந்து போவதை ஒருவராவது பார்த்து எனக்கு எழுதினால் போதும் என்றுதான் இருந்தேன். அது நடக்கவில்லை. அவள் இங்கேயே இருப்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நீர் நினைத்தால் அது தவறு. இரவில் அவள் பக்கத்து அறையில் இருமுவது கேட்கிறது, அது எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

உமக்கும் உமது குடும்பத்துக்கும் எல்லாம் வல்ல இறைவன் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும், வேலைக்குப் போகிற வழியில் ஒருவரும் மறிக்காத பயணமும் தரும்படி வேண்டிக்கொண்டு, அக்காவின் ஆசியையும், கௌரியின் அன்பையும், கேளாமலே தன்னையும் சேர்த்து எழுதச் சொன்ன ஸ்ரீஸ்கந்தராசாவின் வணக்கத்தையும் இத்துடன் அனுப்பி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
வ. தில்லைநாதன்
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பி.கு.: வெள்ளிக்கிழமை பின்னேரம் எழுதுவது. மேலே எழுதியது அத்தனையும் தள்ளுபடி. தபால் கந்தோரில் நிறுவை பழுதாகிக் கிடந்தபடியால் இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. நிறுக்காத கடிதத்துக்கு முத்திரை ஒட்டி எனக்குப் பழக்கமில்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்கவும் மனம் வராமல் இதன் வாலிலேயே எழுதுகிறேன்.

கௌரிக்கு விசா தந்துவிட்டார்கள். அறையை ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். அடுத்த மாத முதல் கிழமையில் வந்து இறங்குவாள்.

எப்படித் தந்தார்கள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஹமீமா உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அவர் உமது அக்காவிடம் சொன்னார், உமது அக்கா என்னிடம் சொன்னார். பேனையைக் கீழே வைத்த அதிகாரி, திரும்பி வரமாட்டீரா என்று நேரே கேட்டாராம். இவள், "அது பொலிசுக்குச் சொல்லுற பதில் சேர். உங்களுக்கு வேறை பதில் பாடமாக்கி வந்தனான், அதிலை வீடு காணி தாய்நாடு எல்லாம் இருக்கு" என்றாளாம். அந்த இரண்டையும் விட்டு உமது பதிலைச் சொல்லும் என்று அவர் சொல்ல, இவள் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் சொன்னாளாம்.

"வீட்டிலை ஆமி இருக்கு, அதுக்காக நான் வரமாட்டன். நேற்று அப்பாவைப் பொலிஸ் கொண்டுபோனது. கண்ணாடியை விட்டிட்டுப் போட்டார். கண்ணாடி இல்லாட்டில் ஆர் கேக்கினம் எண்டு அவருக்குத் தெரியாது, ஆருக்கு எதைச் சொல்லுறதெண்டும் தெரியாது. அதைக் கொண்டுபோய்க் குடுக்க ஒராள் வேணும். அவர் வராதை எண்டுதான் சொல்லுறார். நான் வருவன்."

மொழிபெயர்க்கிற அம்மா இந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் எடுத்தாராம். அதிகாரி சிரிக்கவில்லையாம், பேனையை எடுத்து எழுதினாராம்.

ஆகவே நவரத்தினம், ஒரு உதவி. அவள் வந்து, களைப்பாறி, ஒரு கிழமை போனபிறகு, நான் கேட்கச் சொன்னதாகக் காட்டாமல், அவள் அன்றைக்கு அங்கே சொன்னது விசாவுக்காகச் சொன்னதா, உண்மையாகவே சொன்னதா என்று கேட்டு எழுதும். எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது. வராதே என்று கோடு போட்டுக் கொடுத்த கையோடு நான் எப்படிக் கேட்பது? அக்காவின் கடிதத்தில் எழுதாமல் எனக்கென்று தனியாக எழுதும்.

அவள் உண்மையாகவே சொன்னதாகச் சொன்னால், இன்னொன்றையும் எழுதும். மூன்று வருடத்தில் வருவேன் என்று மாமிக்கு நீர் சத்தியம் பண்ணிவிட்டுப் போனீரே, இனி வரமாட்டேன் என்று உமக்கு எந்த வருடம் தெரிந்தது? குறை கேட்கிறதாக நினைக்க வேண்டாம். அன்றைக்கு நீரும் உண்மையைத்தான் சொன்னீர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.